அலகு மாற்றத்தில் சறுக்காமல் இருக்க: படிப்படியான முழு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு கட்டட வேலையை எடுத்தால் வரைபடம் மில்லிமீட்டரில் வரும். மேஸ்திரி அடியிலும் அங்குலத்திலும் பேசுவார். கம்பி நூலில், மணல் யூனிட்டில், பைப் கிலோவில், மோட்டார் எச்.பி.யில், மனை சென்ட்டிலோ குழியிலோ. பட்டாவைப் பிரித்தால் ஹெக்டேரும் ஏரும். இத்தனையையும் ஒரே நாளில் ஒரே நோட்டில் சமாளிக்க வேண்டியிருக்கும்.

புதிதாக மேற்பார்வைக்கு வரும் டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பெருக்கல், வகுத்தல் தெரியாமல் இல்லை. அவர்கள் சறுக்குவது வரிசையில். கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் விடைக்கு அலகு தேடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: முதலில் அலகு, அப்புறம்தான் கணக்கு. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. உட்காருவதற்கு முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் ஒரு டேப். போனில் உள்ள மாற்றுக் கருவி விடையைச் சரிபார்க்க மட்டும். நீங்கள் கொடுக்கும் எண் நீளமா, பரப்பா என்று அது கேட்காது. தப்பாகக் கொடுத்தாலும் அழகாக ஒரு விடையைக் காட்டிவிடும்.

நோட்டின் உள் அட்டையில் மாற்று எண்களை எழுதி வையுங்கள். முதலில் துல்லியமானவை: 1 அங்குலம் = 25.4 மி.மீ., 1 அடி = 0.3048 மீ., 1 கடல் மைல் = 1,852 மீ. இவை வரையறையாகவே வைக்கப்பட்டவை, பின்னால் தசமம் எதுவும் ஒளிந்திருக்காது. அடுத்தது சுருக்கி எழுதியவை: 1 சதுர அடி = 0.0929 ச.மீ., 1 கன அடி = 28.32 லிட்டர், 1 சென்ட் = 40.47 ச.மீ., 1 ஏக்கர் = 4,047 ச.மீ., 1 எச்.பி. = 0.746 கிலோவாட், ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் = 98.07 கிலோபாஸ்கல். இரண்டையும் தனித்தனியாக எழுதக் காரணம், பெரிய எண்களில் சுருக்கிய எண்ணைப் பெருக்கும்போது கடைசி இலக்கங்களை நம்பக் கூடாது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அடிப்படை அலகுகள் மொத்தம் ஏழு: மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டிலா. களத்தில் முதல் மூன்றை வைத்தே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நிறைக்கு அடிப்படை கிராம் அல்ல, கிலோகிராம். கிராமில் ஆரம்பித்து நியூட்டன், வாட் என்று போனால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

2. இது எந்த வகை அளவு என்று முதலில் எழுதுங்கள்

எண்ணைத் தொடாதீர்கள். முதல் வரியில் "பரப்பு", "கன அளவு", "ஓட்டம்", "அழுத்தம்" என்று வகையின் பெயரை எழுதுங்கள். ஊரில் ஒரே சொல் பல வகைக்கு ஓடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம்.

மணல் லாரிக்காரர் சொல்லும் யூனிட் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். மின்கட்டண அட்டையில் இருக்கும் யூனிட் ஒரு கிலோவாட் மணி. முதலாவது கன அளவு, இரண்டாவது ஆற்றல். அதே மாதிரி பைப் கடையில் "ஆறு கிலோ பைப்" என்றால் பைப்பின் எடை இல்லை. ஒரு சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் தாங்கும் என்று பொருள். புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டுவிட்டு, பைப்பைத் தூக்கிப் பார்த்து, "இது ஆறு கிலோ இருக்காதே" என்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் சிரிப்பதோடு சரி, விளக்குவதில்லை.

3. எண்ணை எழுதும்போதே அலகை ஒட்டி எழுதுங்கள்

12 என்று எழுதாதீர்கள். 12 மி.மீ. என்று எழுதுங்கள். எத்தனை வரி போனாலும் ஒவ்வொரு வரியிலும் அலகு இருக்க வேண்டும். நேரம் வீணாவது போலத் தோன்றும். ஆனால் இரண்டு நாள் கழித்து அந்த நோட்டைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

இந்தப் படி உயிரோடு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் பட்டாவை எடுங்கள். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு "0 - 05.50" என்கிற மாதிரி இருக்கும். இடது பக்கம் ஹெக்டேர், கோடுக்கு வலது பக்கம் ஏர். நடுவில் இருக்கும் கோட்டைப் புள்ளியாக நினைத்து, அந்தச் சுழியையும் விட்டுவிட்டு, 0.55 ஹெக்டேர் என்று படிப்பவர்கள் உண்டு. சரியான வாசிப்பு: 0 ஹெக்டேர், 5.50 ஏர். ஓர் ஏர் 100 ச.மீ. என்பதால் 550 ச.மீ. சென்ட்டில் சொன்னால் 550 ÷ 40.47 = 13.6 சென்ட். 0.55 ஹெக்டேர் என்று படித்திருந்தால் 136 சென்ட் ஆகியிருக்கும். பத்து மடங்கு நிலம்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் மூன்று கட்டம்: ஹெக்டேர், ஏர், சென்டியார். ஒரு சென்டியார் என்பது ஓர் ஏரில் நூறில் ஒரு பங்கு, அதாவது சரியாக 1 ச.மீ. இங்கே உள்ள பள்ளம் ஆழமானது. சென்டியாரைச் சுருக்கிப் பேசும்போது காதில் "சென்ட்" என்றே விழும். சென்ட் 40.47 ச.மீ., சென்டியார் 1 ச.மீ. "00 - 02 - 40" என்று இருந்தால் 240 ச.மீ., அதாவது 6 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதை "ரெண்டு ஏர், நாற்பது சென்ட்" என்று ஒருவர் வாய்விட்டுப் படித்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள்.

குழிக்கும் இதே எச்சரிக்கை. 24 அடிக் கோலால் அளக்கும் குழி 576 சதுர அடி. புதுச்சேரி வழக்கில் இப்படி 100 குழி சேர்ந்தால் ஒரு காணி, சுமார் 132 சென்ட். காவிரிப் பாசனப் பக்கத்தில் 12 அடிக் கோல். அங்கே ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி சேர்ந்தால் ஒரு மா, 33 சென்ட். ஒரே பெயர், நாலு மடங்கு வித்தியாசம். ஆகவே யாராவது குழி என்றால் "எத்தனை சதுர அடிக் குழி?" என்று கேட்டு, அந்தப் பதிலையும் நோட்டில் எழுதுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பத்திரம் எழுதுகிறவர்களும் கேட்டுத்தான் எழுதுகிறார்கள்.

4. எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், வினாடிக்குக் கொண்டு வாருங்கள்

இப்போதும் பெருக்கக் கூடாது. கொடுத்த ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மாற்றி, கீழே வரிசையாக எழுதுங்கள்.

ஒரு தளம்: நீளம் 30 அடி, அகலம் 20 அடி, தடிமன் 125 மி.மீ. மாற்றினால் 9.144 மீ., 6.096 மீ., 0.125 மீ. இப்போது பெருக்குங்கள்: 6.97 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரிக்கு இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும், மேலே வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்து.

மாற்றாமல் நேராகப் போனவர் என்ன செய்வார்? தடிமன் மட்டும் மில்லிமீட்டரில் இருக்கிறதே என்று அதை அங்குலமாக்குவார்: 4.92. அதை 5 ஆக்குவார். பிறகு 12 ஆல் வகுத்து அடியாக்கி 0.42 என்பார். பெருக்கி 252 கன அடி என்று எழுதி, அப்புறம் கன மீட்டராக மாற்றி 7.14 என்று முடிப்பார். நடுவில் இரண்டு முறை எண்ணை வழித்ததால் (கிட்டத்தட்ட சரியான எண்ணாகச் சுருக்கியதால்) தளத்துக்கு 0.17 கன மீட்டர் கூடிவிட்டது. நாலு தளம் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நடுவழியில் வழிப்பது தவறு. கடைசியில் ஒரே ஒரு முறை.

மாற்றும்போது பெருக்கவா, வகுக்கவா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அதற்கு ஒரே வழி, மாற்று எண்ணைப் பின்னமாக எழுதுவது. 0.3048 மீ. மேலே, 1 அடி கீழே. 30 அடியை அதனோடு பெருக்கினால் மேலே உள்ள அடியும் கீழே உள்ள அடியும் அடிபட்டு மீட்டர் மட்டும் மிஞ்சும். அடிபடவில்லை என்றால் பின்னத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். மனப்பாடம் தேவையில்லை, அலகே சொல்லிவிடும்.

5. சதுரமும் கனமும்: இங்கேதான் நிதானம் வேண்டும்

1 மீட்டர் 100 செ.மீ. ஆனால் 1 ச.மீ. 100 சதுர செ.மீ. அல்ல, 10,000. 1 கன மீட்டர் 10 லட்சம் கன செ.மீ. பரப்பில் மாற்று எண்ணை இரண்டு முறையும், கன அளவில் மூன்று முறையும் பெருக்க வேண்டும். ஏனென்றால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறுகிறது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அரை மணி நேரம் கழித்து 1 ச.கி.மீ. எத்தனை ச.மீ. என்று கேட்டால் பாதிப் பேர் ஆயிரம் என்பார்கள். அது 10 லட்சம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்த பரப்பு 490 ச.கி.மீ.; ச.மீட்டரில் அது 49 கோடி. ஆயிரத்தால் பெருக்கியவருக்கு 4,90,000 ச.மீ. வரும், சுமார் 121 ஏக்கர். ஒரு யூனியன் பிரதேசம் நாலைந்து தோப்புக்குள் அடங்கிவிட்டதே என்று அப்போதாவது சந்தேகம் வர வேண்டும்.

மழைக் கணக்கு இந்தப் படிக்கு நல்ல பயிற்சி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 45 செ.மீ. விழுந்தால் எவ்வளவு தண்ணீர்?

வகை: கன அளவு. மாடி 1,000 × 0.0929 = 92.9 ச.மீ. மழை 0.45 மீ. பெருக்கினால் 41.8 கன மீட்டர். 1 கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால் 41,800 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றரை.

இதையே வேறு வழியில் சரிபார்க்கலாம். 1 ச.மீ. தரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் சரியாக 1 லிட்டர். அப்படியானால் 450 மி.மீ. × 92.9 ச.மீ. = 41,805 லிட்டர். இரண்டு வழியும் ஒத்துவந்தால் நம்பலாம். மாடித் தண்ணீர்க் குழாய்க்கு விட்டம் முடிவு செய்யும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர் வீட்டில்தான் மழைக்காலத்தில் சீலிங் ஓதம் பிடிக்கிறது.

6. கிலோ, மில்லி, மெகா: லட்சம், கோடியோடு சேர்த்துப் படியுங்கள்

முன்னொட்டுகளைப் பத்தின் அடுக்காகப் படித்தவர்களும் நம் ஊர் எண்களோடு சேர்க்கும்போது தடுமாறுகிறார்கள். கிலோ ஆயிரம், மெகா பத்து லட்சம், கிகா நூறு கோடி. கீழ்ப்பக்கம் மில்லி ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒன்று. தகடுகளில் ஆங்கில எழுத்துச் சின்னமாக இருக்கும்போது அளவைக் கவனியுங்கள்: சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. இரண்டுக்கும் நடுவில் நூறு கோடி மடங்கு. கே என்ற எழுத்தும் அப்படித்தான்: சின்ன கே கிலோ, தனியாக நிற்கும் பெரிய கே கெல்வின்.

கடற்கரையோர போர்வெல்களில் உப்பு ஒரு தலைவலி என்பதால் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அது 1,200 பி.பி.எம். காட்டினால் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் கரைந்த பொருள். 500 லிட்டர் டேங்கில் 6,00,000 மில்லிகிராம், அதாவது 600 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் உப்பு டேங்கில் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் 1,200 என்ற எண்ணின் கனம் அவருக்கே புரியும். குடிநீருக்கான இந்தியத் தரம் விரும்பத்தக்க வரம்பாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரையும் சொல்கிறது.

பெரிய எண்ணுக்கு வீராணம் ஏரி. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. மில்லியன் என்றால் 10 லட்சம், ஆக 146.5 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி என்பதால் இது 1.465 டி.எம்.சி. ஒரு கன அடி 28.32 லிட்டர், எனவே ஏறத்தாழ 4,150 கோடி லிட்டர். இதில் வழக்கமான தவறு மில்லியனைக் கோடி என்று எடுத்துக்கொள்வது. பத்து மடங்கு ஏறிவிடும்.

7. நேரம் கலந்த அலகுகள்

ஓட்டம், வேகம் எல்லாம் இரண்டு அலகின் விகிதம். மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுக் கீழே உள்ளதை மறந்துவிடுவது இங்கே நடக்கும் தவறு. ஆகவே மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று இரண்டு வரியாக மாற்றுங்கள்.

வீராணத்திலிருந்து சென்னைக்கு நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும்படி திட்டம் அமைக்கப்பட்டது. நாளிதழில் இது கன அடிக் கணக்கில் வரும்: வினாடிக்கு இத்தனை கன அடி என்று. இரண்டும் ஒன்றுதானா? ஒரு நாள் 86,400 வினாடி. 18 கோடி ÷ 86,400 = வினாடிக்கு 2,083 லிட்டர். அதை 28.32 ஆல் வகுத்தால் வினாடிக்கு 73.6 கன அடி. செய்தியில் 70 சொச்சம் வந்தால் முழு அளவில் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று: ஏரி நிரம்பியிருக்கும் 4,150 கோடி லிட்டரை 18 கோடியால் வகுத்தால் 230 நாள் வரும். பாசனமும் ஆவியாதலும் இல்லாவிட்டால்தான் அப்படி. அவை உண்டு என்பதால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாடாதீர்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு வேகம் "நாட்" என்ற அலகில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. புயல் அறிவிப்பில் காற்று 45 நாட் என்றால் மணிக்கு 83 கி.மீ. வினாடிக் கணக்கு வேண்டுமானால் 3.6 ஆல் வகுக்க வேண்டும்: 23 மீ. ஒரு கி.மீ.க்கு 1,000 மீ., ஒரு மணிக்கு 3,600 வினாடி, அந்த 3.6 வருவது இப்படித்தான். ஆழம் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகத்தை 6 அடி என்று எடுத்தால் 1.83 மீ., 15 பாகம் சுமார் 27 மீ.

8. நிறை, விசை, அழுத்தம்

கிலோகிராம் நிறைக்கு, நியூட்டன் விசைக்கு, பாஸ்கல் அழுத்தத்துக்கு. 1 கிலோகிராம் நிறை தரையை அழுத்தும் விசை சுமார் 9.81 நியூட்டன். இதை மறந்தால் கணக்கில் 9.81 ஒன்று கூடிவிடும் அல்லது காணாமல் போகும். விடை எதிர்பார்த்ததைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்காகவோ பத்தில் ஒரு பங்காகவோ வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

தண்ணீர் வேலையில் மனதில் வைக்க ஒரு எண் போதும்: 10 மீ. உயரத் தண்ணீர் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். மேல்நிலைத் தொட்டி 12 மீ. உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் 1.2 கிலோ, சுமார் 118 கிலோபாஸ்கல்.

போர்வெல்லில் 200 அடியிலிருந்து தண்ணீரைத் தரைக்கு ஏற்றுவதாக வைப்போம். 200 × 0.3048 = 61 மீ. ஆக, அடியில் பைப் தாங்க வேண்டியது 6.1 கிலோ, மேலே தொட்டிக்கு ஏற்றும் உயரம் தனி. இப்போது "ஆறு கிலோ பைப்" ஏன் போதாது என்று தெரிகிறதா? கடையில் விலை குறைவு என்று அதை எடுத்துக்கொண்டு வந்தால் பைப் நாளடைவில் வெடிக்கும். பத்து கிலோ பைப் எடுங்கள்.

9. சக்தி வேறு, ஆற்றல் வேறு

வாட் என்பது வேலை நடக்கும் வேகம். கிலோவாட் மணி என்பது நடந்து முடிந்த வேலையின் அளவு. "எங்க மோட்டார் ரெண்டு யூனிட்" என்று யாராவது சொன்னால் அது மணிக்கா, நாளைக்கா என்று கேட்க வேண்டும்.

மேலே சொன்ன போர்வெல்லையே தொடர்வோம். வினாடிக்கு 1 லிட்டர், அதாவது 1 கிலோகிராம் தண்ணீர், 61 மீ. ஏற வேண்டும். 1 × 9.81 × 61 = 598 வாட். பம்பின் திறன் (கொடுக்கும் சக்தியில் பயனாகும் பங்கு) பாதி என்று வைத்தால் பம்பைச் சுழற்றும் தண்டில் தேவை 1,196 வாட். 746 ஆல் வகுத்தால் 1.6 எச்.பி. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 2 எச்.பி. மோட்டார் தகட்டில் இருக்கும் எண் அது வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்றால் 1,196 ÷ 0.75 = 1,595 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட். எச்.பி.யை நேராக மணியால் பெருக்கி மின்கட்டணம் சொல்பவர்கள் 0.746 என்ற மாற்று எண்ணையும் மோட்டாரின் திறனையும் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய அளவிலும் இதே கணக்குதான். நெய்வேலியில் உள்ள 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு அளவில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட்.

10. வெப்பநிலை

இது மட்டும் பெருக்கலுக்குக் கட்டுப்படாது. செல்சியஸிலிருந்து கெல்வினுக்கு 273.15 கூட்ட வேண்டும். ஆனால் வித்தியாசத்துக்குக் கூட்டக் கூடாது. காலை 26 டிகிரி, மதியம் 36 டிகிரி என்றால் ஏறியது 10 டிகிரி. கெல்வினிலும் 10 தான், 283.15 அல்ல.

11. அலகு மறைந்திருக்கும் சூத்திரங்கள்

களத்தில் எல்லோரும் சொல்லும் கம்பிச் சூத்திரம்: விட்டத்தின் வர்க்கம் ÷ 162. விட்டம் மில்லிமீட்டரில் இருந்தால்தான், விடை மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். இந்த நிபந்தனை சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ; அதை வட்டத்தின் பரப்போடு சேர்த்து, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றினால் கடைசியில் மிஞ்சுவது அந்த 162. ஆகவே இந்த மாதிரிச் சூத்திரங்களுக்கு மட்டும் நான்காவது படியிலிருந்து விலக்கு: மீட்டருக்கு மாற்றாமல், சூத்திரம் கேட்கும் அலகையே கொடுங்கள்.

12 மி.மீ. கம்பி: 144 ÷ 162 = மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீ. நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ.

இப்போது மேஸ்திரி வருகிறார். "தம்பி, நாலு நூல் கம்பி ஒரு டன் சொல்லிடுங்க." ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. நாலு நூல் 12.7 மி.மீ. புதியவர் இந்த 12.7 ஐச் சூத்திரத்தில் போடுவார், மீட்டருக்கு 0.996 கிலோ வரும். ஒரு டன்னுக்கு 1,004 மீ. கம்பி என்று எழுதுவார். கடையில் நாலு நூல் என்று கேட்டால் கிடைப்பது 12 மி.மீ. கம்பிதான். அதில் ஒரு டன்னுக்கு 1,125 மீ. நூல் என்பது இங்கே கம்பியின் பெயர், அளவு அல்ல. மூன்று நூல் 10 மி.மீ., ஐந்து நூல் 16 மி.மீ. என்று அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள், பெருக்காதீர்கள்.

12. திரும்ப மாற்றுவது, வழிப்பது, பார்ப்பது

கணக்கு முடிந்தபின் ஒரே ஒரு முறை, கேட்பவருக்குப் பழகிய அலகுக்கு மாற்றுங்கள். மேஸ்திரிக்கு அடி, ரெடிமிக்ஸ்காரருக்குக் கன மீட்டர், வீட்டுக்காரருக்கு சதுர அடி, பதிவுக்கு ஏர். மீட்டரில் இருக்கும் மூல விடையை அழிக்காதீர்கள். அடுத்த கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், மாற்றிய எண்ணிலிருந்து அல்ல.

எத்தனை இலக்கம் வைப்பது? உங்கள் டேப் மில்லிமீட்டர் வரைதான் படிக்கும்போது 9.14400 மீ. என்று எழுதுவதில் பொருளில்லை. கால்குலேட்டர் காட்டுவது எல்லாம் அளவு ஆகிவிடாது. கான்கிரீட்டுக்கு இரண்டு தசமம், டேங்க் தண்ணீருக்கு நூறு லிட்டர் வரை வழித்தால் போதும், நிலத்துக்கு மட்டும் ச.மீ. வரை விடாமல்.

விடையை அனுப்பும் முன் கண்ணால் ஒரு முறை பாருங்கள். சாதாரண அறை 12 ச.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும், 120 ஆக இருக்காது. வீட்டு மேல்நிலை டேங்க் ஆயிரத்தில் இருக்கும், லட்சத்தில் அல்ல. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது சொச்சம் கி.மீ.; வண்டி ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று உங்கள் வேகக் கணக்கு சொன்னால் ஏழாவது படிக்குத் திரும்புங்கள். விடை பத்து, நூறு, ஆயிரம் என்று முழு மடங்கில் பிசகினால் முன்னொட்டையும் தசமப் புள்ளியையும் பாருங்கள், 3.28 அல்லது 10.76 மடங்கில் பிசகினால் ஓரிடத்தில் அடி மாறாமல் தங்கிவிட்டது, 9.81 என்றால் கிலோவும் நியூட்டனும் கலந்துவிட்டன. 40 மடங்கு என்றால் சென்டியாரை சென்ட் என்று படித்திருக்கிறீர்கள்.